பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை

கோயமுத்தூரில் என்ன வேலை பார்க்கிறே என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "தூங்க வைக்கிற வேலைங்க" என்பேன். சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. வைஃபையில் பேசுகிற சின்னப் பெட்டிகள் இருக்கின்றன இல்லையா, தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, அறையில் சூடு எவ்வளவு என்று அளந்து செல்போனுக்குச் சொல்பவை, அவற்றில் பாதிக்கு மேல் பேட்டரியில் ஓடுகிறவை. விழித்துக்கொண்டே இருந்தால் நாலு நாளில் செல் தீர்ந்துவிடும். எவ்வளவுக்கெவ்வளவு தூங்குகிறதோ அவ்வளவு நாள் உழைக்கும். எப்போது எழுப்புவது, எழுந்தால் என்ன பேசவிடுவது, எதைப் பேசாமல் மிச்சம் பிடிப்பது என்று புரோகிராம் எழுதுகிறவள் நான். பன்னிரண்டு வருஷமாக இதே சோலி.

அப்பாவுக்குப் பெருந்துறையிலிருந்து கோபி போகிற வழியில் உள்ளடங்கின தோட்டம். தென்னை, கொஞ்சம் மஞ்சள், மாட்டுக்குச் சோளத்தட்டு. ஓரத்தில் நீளமாக ஒரு கோழி ஷெட். கம்பெனிக்காரர்கள் குஞ்சும் தீவனமும் கொடுப்பார்கள், நாற்பது நாள் வளர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஐயாயிரம் கோழி. எங்களுடையது பழைய மாதிரி ஷெட்: இரண்டு பக்கமும் கம்பி வலை, மேலே சிமெண்ட் தகடு, உள்ளே பனி மாதிரி தண்ணீர் தெளிக்கிற குழாய். வெயில் ஏறினால் மோட்டாரைப் போட்டுத் தெளிக்க வேண்டும். சும்மாவே தெளித்துக்கொண்டிருந்தால் கீழே பரப்பின தேங்காய் நார்த்தூள் நனைந்து நாறிக் கோழிக்குச் சீக்கு வரும். தெளிக்காமல் விட்டால் வெந்து சாகும். இதை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் ஒரு அக்கா. புருஷன் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாள், ஷெட்டுக்குப் பின்னாலேயே நாங்கள் கொடுத்த ஒற்றை அறையில் இருந்தாள். அப்பாவைப் 'பண்ணாடி' என்பாள். எங்கள் பக்கம் தோட்டத்து வேலைக்கு வருகிறவர்கள் தோட்டத்துக்காரரை அப்படித்தான் கூப்பிட வேண்டும். என்னைச் 'சின்னம்மணி' என்பாள். என்னைவிடப் பதினைந்து வயசு மூத்தவள். நான் அக்கா என்று கூப்பிட்டால் அம்மாவுக்கு முகம் சுண்டிப்போகும். "பேரச் சொல்லிக் கூப்புடு, போதும்" என்பாள். நான் வீம்புக்கே அக்கா என்பேன். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு என்னை நானே ரொம்ப நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குத் தெர்மாமீட்டர் தேவையில்லை. கோழி வாயைப் பிளந்து இறக்கையை லேசாகத் தூக்கினால் போய் மோட்டாரைப் போட்டுவிடுவாள். அதற்காக வெயில் காலம் முழுக்க அரை மணிக்கு ஒருதரம் ஷெட்டுக்குள் போய் வந்துகொண்டிருப்பாள். அந்த நாற்றத்துக்குள் இவள் எதற்கு இப்படி அலைய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆபீசில் புதுசாகச் செய்துகொண்டிருந்த சூடு அளக்கிற பெட்டியை எங்காவது மாட்டிச் சோதித்துப் பார்க்கவும் வேண்டியிருந்தது. இந்த இரண்டு காரணத்தில் எது பெரியது என்று இப்போது கேட்டால், அட, இரண்டாவதுதான்.

சோப்பு டப்பா அளவுப் பெட்டி. தென்னந்தோப்பைப் பார்த்த பக்கம், வலைக்கு உள்ளே நடுக்கம்பத்தில் மாட்டினேன். வீட்டுக்குள் இருந்த வைஃபை மோடம் அதுவரைக்கும் எட்டியது. சூடு எல்லை தாண்டினால் அப்பா போனுக்கும் என் போனுக்கும் மெசேஜ் வரும், பெட்டியின் முகத்தில் ஒரு சிவப்பு லைட்டும் எரியும். அக்காவிடம் இருந்தது பழைய பட்டன் போன். அதனால் அவளுக்கு லைட்டுதான்.

"அக்கா, இனிமேட்டு உள்ள போயிப் போயிப் பாக்க வேண்டீதில்ல. இந்தச் செவப்பு லைட்டு எரிஞ்சா ஓடியாந்து மோட்டாரப் போடுங்க. எரியலீன்னா நீங்க பாட்டுக்கு உங்க சோலியப் பாருங்க" என்றேன்.

"தோப்புக்குள்ள இருந்தாத் தெரியுமுங்களா சின்னம்மணி?"

லைட்டை எரியவிட்டு, இரண்டு பேருமாகத் தோப்பின் கடைசி வரைக்கும் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தோம். தெரிந்தது. சோளத்தட்டுக் காட்டில் நின்று பார்த்தோம். அங்கேயும் தெரிந்தது. "அட, பளிச்சுனு தெரியுதுங்களே" என்று சிரித்தாள்.

பின்னால் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, அடுத்த வாரமே அவளுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார். ஷெட்டுக்குள் போக வேண்டாம் என்றால் அந்த நேரத்தில் தட்டு அறுக்கலாம், தென்னைக்குப் பாத்தி கட்டலாம். அவளுடைய அலைச்சலைக் குறைக்கிறேன் பேர்வழி என்று நான் செய்தது, அவளை நிழலிலிருந்து வெயிலுக்குத் தள்ளியதுதான். அக்கா வேலை செய்துகொண்டே அவ்வப்போது தலையைத் தூக்கி அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்வாள்.

பெட்டி நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் செல்லைத் தின்றது. மூன்று வாரத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டியிருந்தது. "என்ன கண்ணு, கோழியவிட உன்ற பொட்டி அதிகமாத் திங்குது" என்று அப்பா கிண்டல் பண்ணினார். ஆபீசில் யாரும் கிண்டல் பண்ணவில்லை. இரண்டு செல்லில் ஒரு வருஷம் ஓடினால்தான் இதை விற்க முடியும், அடுத்த மாதம் வாங்குகிறவர்கள் நேரில் வருகிறார்கள், அதற்குள் முடித்துக் கொடு என்று என் தலையில் கட்டினார்கள்.

வைஃபையில் ஒரு தொந்தரவு. எழுந்ததும் பெட்டி மோடத்தைத் தேட வேண்டும், நான் இன்னார் என்று சொல்ல வேண்டும், மோடம் சரி வா என்று சேர்த்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் வந்த சேதியைச் சொல்ல முடியும். சேதி ஒரே ஒரு எண்தான், கண் சிமிட்டுகிற நேரம்கூட ஆகாது. அதற்கு முந்தின மரியாதையெல்லாம்தான் செல்லைக் குடித்துவிடும். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன வீட்டில் மாடு கன்று வரைக்கும் விசாரித்துவிட்டுத் தட்டத்தை எடுக்கிற மாதிரி.

ஆகவே வெட்டினேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் 'இருக்கிறேன், எல்லாம் சரி' என்று அது சொல்லிக்கொண்டிருந்ததை எடுத்தேன். தொந்தரவு வந்தால் மட்டும் பேசினால் போதும், மற்ற நேரம் அளந்து தனக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்ளட்டும். அடுத்தது லைட்டு. சித்திரை வெயிலில் பதினொரு மணிக்கு எரிய ஆரம்பித்தால் நாலு மணி வரைக்கும் எரிந்தது. பெட்டி தூங்கினாலும் லைட்டு தூங்கவில்லை. மெசேஜ்தான் போகிறதே, லைட்டு எதற்கு? எடுத்தேன். தோட்டத்துக்குக்கூடப் போகவில்லை, ஆபீசில் உட்கார்ந்த இடத்திலிருந்தே புதுப் புரோகிராமை அனுப்பிவிட்டேன். குறிப்பேட்டில் ஒரே வரி எழுதினேன்: சிவப்பு லைட் நீக்கப்பட்டது. அதைப் படிக்கிறவர்கள் ஆபீசில் மூன்று பேர். அக்காவிடம் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. மறந்துவிட்டேன் என்றால்கூடப் பொய். மறப்பதற்கு முதலில் ஒருதரமாவது நினைத்திருக்க வேண்டுமே.

பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. மத்தியானம் அப்பா வீட்டில்தான் இருப்பார். பதினொரு மணி வாக்கில் போனில் மெசேஜ் வரும், வாசலில் நின்று "ஏ அம்மணி, மோட்டாரப் போடு" என்று ஒரு சத்தம் கொடுப்பார், அக்கா ஓடுவாள். அவர் முந்திக்கொண்டு கூப்பிட்டதால் அவள் அந்த நேரத்தில் லைட்டைத் தேடவில்லை. நடுவில் ஒருநாள் அப்பா எனக்குப் போன் பண்ணினார். "கண்ணு, அந்தப் பொட்டியப் பத்தி ஒண்ணு கேக்கோணும்" என்றார். "மீட்டிங்ல இருக்கேங்கப்பா, பொறவு கூப்புடறேன்" என்றேன். கூப்பிடவில்லை.

பதினோராம் நாள் கோபியில் பெரியம்மா பேத்தி கல்யாணம். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் என்ன, எங்கள் பக்கம் பாதி வீடுகளில் உண்டு. வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே கிளம்பினாலும் மெயினை இறக்கிவிட வேண்டும். ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும் என்று ஒரு பயம், பில் ஏறும் என்று இன்னொரு பயம். ஃபிரிட்ஜில் தயிர் இருக்கிறதே என்று அம்மா சொன்னால், "ஒரு நாளைக்குத் தயிரு ஒண்ணும் ஓடிப்போகாது" என்பார் அப்பா. வீட்டுக்கு ஒரு மீட்டர், தோட்டத்துக்கு வேறு மீட்டர். மெயினை இறக்கினாலும் ஷெட்டு மோட்டாருக்குக் கரண்ட் இருக்கும் என்ற தைரியத்தில்தான் அன்றைக்கும் இறக்கினார். மோடம் வீட்டுக்குள் இருக்கிறது என்பது அவருக்கு உறைக்கவில்லை. அக்கா வாசலில் நின்று, "பண்ணாடி, கோழியப் பாத்துக்கட்டுங்களா, தட்டு அறுக்கட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். "கோழியப் பொட்டி பாத்துக்கும், நீ தட்ட அறுத்துக் கட்டிப்போடு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறியிருக்கிறார். நான் கோயமுத்தூரிலிருந்து நேராக மண்டபத்துக்குப் போய்விட்டேன். இதெல்லாம் அம்மா பிறகு சொன்னது.

மண்டபத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மாமா கேட்டார், "என்ன கண்ணு, ஊட்டப் பூட்டிப்போட்டு எல்லாரும் ஒட்டுக்கா வந்துட்டீங்க, கோழிய ஆரு பாக்கறது?"

நான் இலைக்குப் பக்கத்தில் இருந்த போனைத் தூக்கிக் காட்டினேன். "இது பாக்குதுங் மாமா. பாருங்க, ஒரு மெசேஜும் இல்ல. மெசேஜ் இல்லீன்னா எல்லாஞ் சரியா இருக்குதுன்னு அர்த்தம்."

"பரவால்லியே! எங்க ஷெட்டுக்கும் ஒண்ணு மாட்டிக்குடு" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாயசம் இரண்டாம் தரம் வாங்கிக் குடித்தேன். வெளியே தார் ரோடு உருகுகிற வெயில். தினமும் பதினொரு மணிக்கு வருகிற மெசேஜ் மணி ஒன்றரை ஆகியும் வரவில்லை. அப்போதாவது மண்டையில் உறைக்க வேண்டாமா? உறைக்கவில்லை. இந்த மண்டையை வைத்துக்கொண்டுதான் பன்னிரண்டு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன்.

இரண்டரை மணிக்கு அப்பா போனுக்கு அக்கா கூப்பிட்டாள். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று வெளியே வந்து ஸ்பீக்கரில் போட்டார். "பண்ணாடி, கோழியெல்லா உழுந்து கெடக்குதுங்க. வாங்க பண்ணாடி, வாங்க" என்று அலறினாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஷெட்டுக்குள் தரை தெரியவில்லை, வெள்ளையாக ஒரே கோழி. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தண்ணீர் இருக்கும் பக்கமாகக் கழுத்தை நீட்டினபடி. முப்பத்தெட்டு நாள் வளர்ந்தவை, நல்ல எடை. இன்னும் இரண்டு நாளில் வண்டி வருவதாக இருந்தது. அக்கா தலை முதல் கால் வரைக்கும் நனைந்து, உயிர் இருந்தவற்றை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டுபோய்த் தென்னை மரத்து நிழலில் போட்டுவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தாள். போட்டவற்றில் பாதி அங்கேயே தலையைச் சாய்த்தன. நானும் பட்டுப்புடவையோடு இறங்கி அள்ளினேன். கையில் எடுத்தால் கோழி கொதித்தது. இன்றைக்கும் சமைத்த கோழியைத் தொட்டால் எனக்குக் குமட்டும்.

அம்மா அழுதுகொண்டே வீட்டைத் திறந்து மெயினை ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் என் போன் சத்தம் போட்டது. விடாமல் போட்டது. பதினொரு மணியிலிருந்து பெட்டி சொல்ல நினைத்ததெல்லாம் ஒட்டுக்கா வந்து விழுந்தது: முப்பத்தெட்டு டிகிரி, முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. அப்பாவின் சட்டைப் பைக்குள்ளும் அதே சத்தம். எடுத்துப் பார்த்தார். திரும்பி வீட்டைப் பார்த்தார். போனை மறுக்கா பைக்குள் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் கம்பெனி சூப்பர்வைசர் வந்தார். பொக்லைன் ஒரு பக்கம் குழி வெட்டிக்கொண்டிருந்தது. மூவாயிரத்துக்கு மேல் போய்விட்டது என்று குறித்துக்கொண்டு, "இத்தன கோழி சாகற வரைக்கும் ஒரு ஆளு கூடவாங்க பாக்கல? ஆரு பொறுப்பு இதுக்கு? நான் மேல என்ன எழுதறது?" என்று கேட்டார்.

அக்கா முன்னால் வந்தாள். "நானு இருந்தனுங்க. தட்டுக்காட்டுல இருந்தனுங்க. தலையத் தூக்கித் தூக்கிப் பாத்தனுங்க. செவப்பு லைட்டு எரியவே இல்லீங்க."

சூப்பர்வைசர் சிரித்தார். "இந்த வெயிலுக்கு லைட்டு எரியலையாமா. தூங்கிப்போட்டுச் சொல்லற பேச்சப் பாருங்க."

"சாமி சத்தியமா எரியலீங்க" என்று சொல்லிவிட்டு அக்கா என்னைப் பார்த்தாள். அங்கே இருந்த எல்லாரையும் விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தாள். "சின்னம்மணி, நீங்க சொல்லுங்க. எரிஞ்சாத்தான ஓடியாரச் சொன்னீங்க?"

அப்பாவும் என் பக்கம் திரும்பினார். "ஏங்கண்ணு, லைட்டு எரியாம இருக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

அடுத்த வாரம் வாங்குகிறவர்கள் வருகிறார்கள். அப்பா குழியைப் பார்த்தபடி நிற்கிறார். லைட்டை எடுத்தது நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"பெட்டியில ஒரு கோளாறும் இல்லீங்கப்பா" என்றேன்.

யோசித்துப் பாருங்கள், அது உண்மை. பெட்டி நான் எழுதினபடி ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது. அப்படி ஒரு உண்மையைச் சொன்ன என் வாயில் புழுதான் விழ வேண்டும்.

அக்கா திரும்பி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா கொஞ்ச நேரம் கழித்து அவள் பக்கத்தில் போய், "அம்மணி, நீ நாளையிலிருந்து வேற எடம் பாத்துக்க, கண்ணு" என்றார். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. எங்கள் ஆட்கள் கழுத்தை அறுத்தாலும் மரியாதையாகத்தான் அறுப்பார்கள். மறுநாள் காலையில் நான் எழுந்தபோது பின்னால் இருந்த அறை காலியாக இருந்தது. வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருந்தாள்.

வாங்குகிறவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்துப்போனது. தோட்டத்தில் சோதித்தது எப்படி என்று கேட்டார்கள். நல்லபடியாக நடந்தது என்றேன். ஆபீசில் கேக் வெட்டினார்கள். இப்போது எத்தனையோ ஷெட்டில் அந்தப் பெட்டி இரண்டு செல்லில் ஒரு வருஷம் ஓடுகிறது. ஒன்றிலும் லைட்டு கிடையாது. எங்கள் ஷெட்டில் இருந்ததை நானே கழற்றி எடுத்து வந்துவிட்டேன். அப்பா ஏன் என்று கேட்கவில்லை, வேறு இரண்டு ஆளை வேலைக்கு வைத்துக்கொண்டார். நானும் அவரும் அந்த நாளைப் பற்றி அதற்குப் பிறகு பேசினதே இல்லை. அக்காவை நினைக்காமல் இருக்கப் பழகிவிட்டேன். அதுவும் ஒரு மிச்சம் பிடிக்கிற வேலைதான், எனக்குக் கைவந்தது.

மூன்று வருஷம் போயிற்று. போன தை மாதம் ஒரு காதுகுத்தில் அந்தக் கல்யாணப் பந்தி மாமா அப்பாவிடம் கேட்டார், "உங்க ஷெட்டுல இருந்தாளே, அவள எங்க தோட்டத்துக்குக் கேக்கலாமான்னு பாத்தேன். ஆளு எப்பிடி?"

"நல்ல வேலைக்காரிதான்" என்றார் அப்பா. "பாவம், கண்ணுதான் தெரியாது. மறச்சுப்போட்டு இருந்துட்டா. அன்னிக்கு லைட்டு எரிஞ்சது கூட அவளுக்குத் தெரியல பாருங்க." என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"ஓ, அதாங் கேட்ட எடத்துலயெல்லாம் கண்ணு தெரியாதவ, வேண்டாங்கறாங்க" என்றார் மாமா.

பெட்டியில் கோளாறு இல்லை என்று நான் சொன்னேன். அப்படியானால் கோளாறு வேறு எங்கேயாவது இருக்க வேண்டும் இல்லையா? ஊரே சேர்ந்து அதை அவள் கண்ணில் கொண்டுபோய் வைத்திருந்தது. அன்றைக்கே அவள் மகளைத் தேடிப் பிடித்து விலாசம் வாங்கினேன்.

காங்கேயம் பக்கம் ஒரு நூல் மில். அதில் வேலை செய்கிற பெண்கள் தங்குகிற ஹாஸ்டலைக் கூட்டிப் பெருக்குகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை போனேன். கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடியில் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு சிமெண்ட் பெஞ்ச். அக்கா துடைப்பத்தோடு வந்தாள். இளைத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள்.

"வாங்க சின்னம்மணி! பண்ணாடி சௌரியமுங்களா? அம்மாளுக்கு மூட்டுவலி தேவலைங்களா?" என்று வரிசையாக விசாரித்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"எதுக்குக்கா பெருக்கற வேலை? மில்லுக்குள்ள வேற வேலை குடுக்கலையா?"

"கூப்புட்டாங்க. மிசினு பாக்கற வேல. நூலு அறுந்தா மிசினுல லைட்டு எரியுமாமா, போயி முடி போடோணுமாமா. நானு மாட்டேன்னுட்டனுங்க. என்ற கண்ண நம்பி ஆரு மிசினக் குடுக்கறது?"

"கண்ணாடி எப்பருந்து?"

"இங்க ஒருக்கா கண்ணு முகாம் போட்டாங்க. அந்த டாக்டரம்மா, உனக்குக் கண்ணு நல்லாத்தா இருக்குது, வயசுக்குப் பரவால்லங்குது. அதுக்கென்ன தெரியும்? நானே கடையில போயி ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டேன்." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "அன்னிக்கு லைட்டு எரிஞ்சுதான் இருக்கோணுமுங்க. எனக்குத்தாந் தெரியல. நெனச்சு நெனச்சுப் பாப்பேன், எரிஞ்ச மாதிரியே இருக்காது. அத்தன உசுரு போச்சு என்னால. உங்கப்பாரு ஒரு வார்த்த வையல. மன்னிச்சுப்போடுங்க சின்னம்மணி."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். என்னிடம்! அந்தப் பெஞ்சிலேயே தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அக்கா, லைட்டு எரியல" என்றேன். "எரியாது. பத்து நாளைக்கு முன்னயே நாந்தான் அதை எடுத்தேன். செல்லு சீக்கிரம் தீருதுன்னு எடுத்தேன். உங்ககிட்டச் சொல்லல. அன்னிக்குக் கேட்டப்பவும் சொல்லல."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. "எடுத்ததுன்னா, எப்பிடீங்க?"

"எரிய வேண்டாம்னு நானே எழுதிப்போட்டேன். நீங்க பாத்தது சரி. எரியல."

அக்கா என் முகத்தையே பார்த்தாள். அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப, எனக்குக் கண்ணு தெரியுமுங்களா?" என்று கேட்டாள்.

"நல்லாத் தெரியுமக்கா."

"இதைப் பண்ணாடிகிட்டச் சொன்னீங்களா?"

"இல்லக்கா."

"இப்பச் சொல்லுங்க. நானுங் கேக்கறேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. ஆனால் சொல்லாமல் எழுந்து போக விடமாட்டாள் என்று தெரிந்தது.

அப்பாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுப் பெஞ்சின் மேல் வைத்தேன். "சொல்லு கண்ணு, சாப்ட்டியா?" என்றார்.

"அப்பா, அன்னிக்குக் கோழி செத்துதல்லங்க. அந்தப் பெட்டியில லைட்ட நாந்தான் எடுத்தேன். அதுக்குப் பத்து நாளைக்கு முன்னயே எடுத்துட்டேன். அக்கா சொன்னது நெசம்."

அப்பா டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது. பிறகு, "தெரியுங் கண்ணு" என்றார்.

"என்னங்கப்பா?"

"கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னயே பாத்தேன், லைட்டு எரியல. அதக் கேக்கத்தான் உனக்குப் போன் பண்ணுனேன், நீ மீட்டிங்னே. சரி, மெசேஜ்தான் வருதேன்னு நானும் உட்டுப்போட்டேன். அன்னிக்கு நீயாச் சொல்லுவீன்னுதான் உன்னக் கேட்டேன். நீ சொல்லல. மெயின எறக்குனது நானு, லைட்ட எடுத்தது நீயி. அந்தாளு நின்னு கேக்கறப்ப யாராச்சும் ஒருத்தரக் காட்டோணுமல்ல? பெத்த புள்ளையவா காட்டுவேன்? தூங்கிப்போட்டான்னு சொல்லறதவிடக் கண்ணு தெரியலீன்னு சொன்னா அவளுக்கும் மரியாதையா இருக்கும்னுதா அப்பிடிச் சொல்லி வெச்சேன். இப்ப எதுக்கு அதயெல்லாங் கெளப்பிக்கிட்டு? அவளுக்கு ஒண்ணுந் தெரியாது. எங்கியோ நல்லாருந்தாச் சரி."

அக்கா குனிந்து போனைக் கையில் எடுத்தாள். பண்ணாடியிடம் பேசும்போது எப்போதும் வாய்க்கு முன்னால் கையை வைத்துக்கொள்வாள். அன்றைக்கும் வைத்துக்கொண்டாள்.

"நல்லாருக்கறனுங்க பண்ணாடி" என்றாள். "கண்ணு நல்லாத் தெரியுதுங்க."

அக்கா போனை என் மடியில் வைத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பா இன்னும் லைனில்தான் இருந்தார்.